நல்ல சாப்பாடுதான், ஆனால் எவ்வளவு? மாத்தளைச் சந்தையிலிருந்து ஒரு கலோரிக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஏ9 வீதியால் கண்டிக்குப் போகிறவர்கள் மாத்தளை மாவட்டத்தைக் கடந்தே போகவேண்டும். தம்புள்ளை, நாவுல, நாலந்தா, மாத்தளை நகரம் என்று அந்த 321 கிலோமீற்றர் வீதியின் தென்பகுதி இந்த மாவட்டத்துக்கூடாகச் செல்கிறது. பஸ் நிற்கும் இடங்களில் வறுத்த கச்சான், பட்டர் புரூட், தம்பிலி, கித்துள் பாணி, பழச்சாறு எல்லாம் கிடைக்கும். "ரோல்ஸும் சோடாவும் வேண்டாம், உடம்புக்கு நல்லதாக ஏதாவது சாப்பிடுவோம்" என்று நினைக்கிறவர்கள் இவற்றைத்தான் வாங்குகிறார்கள்.

அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 50 கிராம் வறுத்த கச்சானில் ஏறக்குறைய 280 கலோரி இருக்கிறது. ரின்பாலும் சீனியும் சேர்த்து அடித்த ஒரு பெரிய கிளாஸ் பட்டர் புரூட் பானத்தில் 400 கலோரிக்கு மேல் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 700 கலோரி. அது ஒரு நேரச் சாப்பாடு. பலர் அதைச் சாப்பாட்டுக்கு முன்னரோ பின்னரோ, சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காமலே உட்கொள்கிறார்கள்.

"நல்ல உணவு" என்பதும் "கலோரி குறைந்த உணவு" என்பதும் இரண்டு வேறு விடயங்கள். பசியும் இடப்பெயர்வும் கண்ட எங்கள் குடும்பங்களில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இன்று வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய்களாகிவிட்டன. ஆகவே இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

மாத்தளை ஏன்?

இலங்கையின் உணவுச் சந்தைகளைப் பற்றிப் பேசும்போது மாத்தளையைத் தவிர்க்க முடியாது. 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மிகப் பெரிய மரக்கறி, பழ மொத்தச் சந்தைகளில் ஒன்று. வடக்கிலிருந்து செல்லும் விளைபொருட்களும் மலைநாட்டிலிருந்து இறங்கும் கரட், கோவா, லீக்ஸும் சந்திக்கும் இடம் அது. மாவட்டத்தின் வடபகுதியில் பெரிய வெங்காயம் விளைகிறது. தெற்கே ஈரவலயத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ, பட்டர் புரூட் வளர்கின்றன. நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் கித்துள் சீவுகிறார்கள்.

மாத்தளைக்கும் வன்னிக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1973–74 காலப் பஞ்சம், அதன் பின்னர் 1977ஆம் ஆண்டு வன்முறை என்பவற்றின் விளைவாக மலையகத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. போரின் கொடுமையை அவர்களும் அனுபவித்தார்கள். இன்று இருபக்கமும் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. மலையகத்துக் கித்துள் பாணி வன்னிக்குப் போகிறது. வடக்கின் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் இங்கு வருகின்றன.

முதலில் ஒரு சிறிய விளக்கம்

கலோரி என்பது உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் சக்தியின் அளவு. ஒரு கிராம் மாச்சத்தோ சீனியோ ஏறக்குறைய 4 கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி. தண்ணீரில் எதுவும் இல்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ளலாம். தண்ணீர் நிறைந்த உணவு இலேசானது. வெள்ளரிக்காய், தக்காளி, புடலங்காய், பூசணிக்காய் போன்றவற்றில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 கலோரிதான். காய்ந்ததும் எண்ணெய் நிறைந்ததுமான உணவு கனதியானது. விதைகள், பருப்புகள், மா வகைகள் எல்லாம் இந்தப் பக்கத்தில் சேரும்.

உடலுழைப்புக் குறைந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,600 முதல் 1,800 கலோரி வரையும், ஆணுக்கு 2,000 கலோரி அளவும் போதும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் வயலில் வேலை செய்பவருக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவை. ஒரு மணிநேரம் நன்றாக நடந்தால் செலவாகும் சக்தி ஏறக்குறைய 200 கலோரி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் இலகுவாக விளங்கும்.

பட்டர் புரூட்

வெண்ணெய்ப்பழம், அவகாடோ என்று பல பெயர்கள் இதற்கு உண்டு. மற்றப் பழங்களில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். இதிலோ 100 கிராம் சதையில் 15 கிராம் கொழுப்பும் 160 கலோரியும் உள்ளன. அது பெரும்பாலும் இதயத்துக்குப் பாதகமில்லாத கொழுப்பு, நார்ச்சத்தும் தாராளம். பழத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் சந்தையில் விற்கும் பழத்தின் அளவுதான் கேள்வி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் "நாளுக்கு ஒரு அவகாடோ" என்று எழுதுவது பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பழத்தைப் பற்றி. இங்கு கிடைக்கும் பெரிய பழத்தில் சதை மட்டும் 250 கிராம் வரலாம். அது 400 கலோரி. இரண்டு மணிநேர நடை.

அதைப் பானமாக்கும்போது கணக்கு மேலும் ஏறும். அரைப் பழம் 200 கலோரி, இரண்டு மேசைக்கரண்டி ரின்பால் 130, அரைக் கோப்பை பால் 65, இரண்டு தேக்கரண்டி சீனி 35. மொத்தம் 430. ஒரு கோப்பைச் சோறு ஏறக்குறைய 200 கலோரி என்பதால் இந்தக் கிளாஸ் இரண்டு கோப்பைச் சோற்றுக்குச் சமம். பழத்தின் கால்பகுதியை உப்பு, மிளகுத்தூள், தேசிக்காய்ப்புளியுடன் சாப்பிட்டால் 100 கலோரியுடன் முடிந்துவிடும்.

கச்சான், கஜு, எள்ளு

100 கிராம் கச்சானில் 567 கலோரி. கஜுவில் 553. எள்ளில் 573. மூன்றிலும் ஏறக்குறைய பாதி நிறை எண்ணெய். புரதமும் உண்டு, எள்ளில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் அதிகம். கச்சானும் கஜுவும் அளவோடு உண்பவர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகள் பேசும் அளவு ஒரு நாளைக்கு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. அது 170 கலோரி. கோயில் திருவிழாவில் கடதாசிச் சுருளில் வாங்கிப் பேசிப் பேசிச் சாப்பிடும்போது கைப்பிடி மூன்றாவதும் நான்காவதும் தெரியாமலே போய்விடும்.

எள்ளுருண்டையில் எள்ளும் சர்க்கரையும் சேர்கின்றன. 25 கிராம் அளவுள்ள ஓர் உருண்டையில் சுமார் 120 கலோரி. இரண்டு உருண்டையும் பால்தேநீரும் என்றால் 300 கலோரியை எட்டிவிடும்.

கச்சானின் பலத்தை அறிய ஓர் உதாரணம் போதும். கடும் போசாக்கின்மையால் உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் சிகிச்சை உணவு, கச்சான் பசையில் பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின்கள் சேர்த்துச் செய்யப்படுவது. 92 கிராம் கொண்ட ஒரு சிறிய பக்கற்றில் 500 கலோரி அடங்கியிருக்கும். குழந்தையின் உயிரைக் காப்பாற்ற வைத்தியர்கள் தேர்ந்தெடுத்த அதே உணவைத்தான் நாம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு கொறிக்கிறோம்.

பனங்கட்டி, கித்துள் பாணி, தேன்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சீனி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. கையில் ஒரு துண்டு பனங்கட்டி, கோப்பையில் வெறுந்தேநீர் என்று வளர்ந்த தலைமுறைக்குப் பனங்கட்டி இனிப்பு மட்டுமன்று, நினைவும்கூட. அந்த மதிப்பினாலோ என்னவோ "பனங்கட்டி சீனி இல்லை, அது உடம்புக்குக் கெடுதி செய்யாது" என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மலையகத்தில் கித்துள் கருப்பட்டியைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள்.

100 கிராம் வெள்ளைச் சீனியில் 390 கலோரி அளவு. பனங்கட்டியிலும் கித்துள் கருப்பட்டியிலும் 380 அளவு. தேனிலும் பாணியிலும் தண்ணீர் கலந்திருப்பதால் 300 அளவு. கருப்பட்டி வகைகளில் கொஞ்சம் கனியுப்புகள் இருப்பது உண்மை. ஆனால் நாம் உண்ணும் சிறிய துண்டில் அது பெரிதாக ஒன்றும் வராது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் விதத்திலும் நீரிழிவு நோயாளிக்குப் பாதுகாப்பு என்று சொல்லுமளவுக்கு வேறுபாடு இல்லை.

எருமைத் தயிரும் கித்துள் பாணியும் தம்புள்ளைப் பக்கக் கடைகளில் சாப்பாட்டுக்குப் பின் வரும் வழமையான இனிப்பு. ஒரு சிறு கிண்ணத் தயிர் 100 கலோரி அளவு. அதன் மேல் ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி பாணி இன்னொரு 120. பாணியைக் கரண்டியால் அளந்து விடுவதற்கும் போத்தலைச் சரித்து விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள்.

குரக்கனும் சத்துமாவும்

"சலரோகக்காரருக்குக் குரக்கன் பிட்டு" என்பது எங்கள் வீடுகளில் எழுதப்படாத சட்டம். குரக்கனில் நார்ச்சத்து அதிகம். சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பலமடங்கு அதிகம். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 330 கலோரி அளவு இருக்கிறது. அரிசிமாவில் 360. சக்தியைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 100 கிராம் குரக்கன் மாவுடன் 50 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்து அவித்தால் 500 கலோரி. குரக்கன் என்பதால் இரட்டிப்பாகச் சாப்பிட்டால் பலன் போய்விடும். சிவப்பரிசிச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான். தவிடு நீக்காத அரிசி நல்லது. ஆனால் கோப்பை ஒன்றுக்குக் கலோரி வெள்ளைச் சோற்றுக்குச் சமம்.

திரிபோஷா பற்றியும் சொல்லவேண்டும். 1973இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தின்கீழ் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் 750 கிராம் பக்கற் இலவசமாக வழங்கப்படுகிறது. சோளமும் சோயாவும் விற்றமின்களும் சேர்ந்த இந்த மா, சிறிய வயிற்றுக்குள் அதிக சக்தியும் புரதமும் போகவேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. தாய்க்கும் குழந்தைக்கும் வந்த பக்கற்றைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டையாக்கி முழுக்குடும்பமும் பகிர்வது எங்கும் நடக்கிறது. அதனால் தேவையான குழந்தைக்குக் குறைகிறது. தேவையற்ற பெரியவருக்குக் கூடுகிறது. கடையில் விற்கும் சத்துமா வகைகளும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி கொண்டவையே. காலையுணவுக்குப் பதிலாக உண்ணலாம். காலையுணவோடு சேர்த்து உண்டால் அது இரண்டாவது சாப்பாடு.

பழச்சாறும் தம்பிலியும்

ஒரு தோடம்பழத்தைச் சாப்பிட்டால் 60 கலோரி அளவு. ஒரு கிளாஸ் சாறு பிழிய மூன்று நான்கு பழங்கள் வேண்டும். சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடுவதால் வயிறு நிறைந்த உணர்வும் வராது. கடைகளில் அதற்குமேல் சீனிப்பாகு விடுவார்கள். மாம்பழம், அன்னாசி, விளாம்பழச் சாறுகளிலும் இதே நிலைமை. பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதே எப்போதும் நல்லது. பப்பாசி 100 கிராமுக்கு 43 கலோரி, கொய்யா 68, வத்தகப்பழம் 30.

தம்பிலி இந்தப் பட்டியலில் நல்ல பிள்ளை. 100 மில்லிலீற்றரில் 20 கலோரி அளவுதான். ஒரு முழுத் தம்பிலி குடித்தாலும் 60 முதல் 80 கலோரி. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. தம்பிலியிலும் பட்டர் புரூட்டிலும் பொட்டாசியம் அதிகம். மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ உட்பட உலர்வலயப் பகுதிகள் பலவற்றில் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. சிறுநீரக நோயாளர்கள் வைத்தியரைக் கேட்காமல் இவற்றை உட்கொள்ளக்கூடாது.

மாசிமகத் தேர்த் திருவிழாவின்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பஞ்சரத பவனி நடைபெறும். அப்படியான நாட்களில் தண்ணீர்ப்பந்தலில் மோரும் கிடைத்து, சர்க்கரைத் தண்ணீரும் கிடைத்தால் மோரை எடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை கரைத்தாலே 115 கலோரி வந்துவிடும். தண்ணீர் கூட்டிய மோர் அதன் பாதிக்கும் குறைவு.

"மரக்கறிச் சாப்பாடுதானே"

வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மச்சம் தவிர்க்கும்போது சாப்பாடு இலேசாகிவிட்டது என்று நினைக்கிறோம். இலை முழுக்க மரக்கறிதான். ஆனால் சமைத்த விதம் எது? கத்தரிக்காய்ப் பொரியல், பாகற்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மிளகாய், வடை எல்லாம் எண்ணெயில் பொரிபட்டவை. கத்தரிக்காய் பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விலைகூடிய ஒலிவ் எண்ணெயோ, கலோரியில் எல்லாம் ஒன்றுதான்.

தேங்காய்ப்பூ 100 கிராமில் 354 கலோரி. வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி வறைகள் மிக நல்லவை. ஆனால் ஒரு கட்டு இலைக்கு அரைமூடித் தேங்காய் போட்டால் நாம் சாப்பிடுவது தேங்காய் வறை. அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் இலேசான இரவுச் சாப்பாடு என்று கருதப்படுகிறது. மரவள்ளியில் 100 கிராமுக்கு 160 கலோரி அளவு, சோற்றில் 130. பஸ் நிலையங்களில் விற்கும் மரக்கறி றொட்டியில் உள்ள மரக்கறி இரண்டு கரண்டிதான். மீதி கோதுமை மாவும், அந்த மா ஊறிய எண்ணெயும்.

பக்கற்றின் முன்பக்கம் உள்ள நிறங்கள்

2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் குளிர்பானங்களின் சீனி அளவு நிறத்தால் காட்டப்பட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். அதற்குக் குறைவென்றால் பச்சை. பின்னர் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்பவற்றுக்கு இத்தகைய நிறக்குறியீடு கொண்டுவரப்பட்டது. "இயற்கையானது", "பல்தானியம்", "கொலஸ்ட்ரோல் இல்லை" என்ற பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு இந்தச் சிறிய நிறங்களைப் பாருங்கள். கொலஸ்ட்ரோல் எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. கலோரி எல்லாவற்றிலும் உண்டு.

பசி கண்ட உடலின் கணக்கு

இதையெல்லாம் போரால் பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வதற்குத் தயக்கம் வருவது இயல்பு. ஒரு கைப்பிடி அரிசியில் காய்ச்சிய கஞ்சியை, ஏறக்குறைய 100 கலோரியை, ஒரு குடும்பமே பகிர்ந்து குடித்த நாட்களைக் கண்டவர்கள் எங்களிடையே வாழ்கிறார்கள். பிள்ளையின் கோப்பையில் உணவு மீதமிருந்தால் அந்தத் தாய்க்குப் பொறுக்காது. விருந்தாளிக்கு இரண்டாம் முறை சோறு போடாமல் விடவும் முடியாது. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பசிக்குப் பின்னர் வரும் ஆபத்தை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் முற்றுகையால் பெரும் பட்டினி ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்த குழந்தைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களின் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 1967–70 நைஜீரிய உள்நாட்டுப் போரில் பியாபிராவில் பட்டினிக்குள் பிறந்தவர்களிடமும் நாற்பது வயதளவில் உயர் இரத்த அழுத்தமும் குளுக்கோஸ் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் பசித்த உடல், பிற்காலத்தில் மிதமிஞ்சிய உணவைத் தாங்குவதில் பலவீனமாக இருக்கிறது என்பதே இதன் பாடம். வன்னியில் 2008, 2009இல் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்கும் உரியது.

2005–06இல் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. எங்கள் உடலைப் பற்றிய கணக்குக்கூட அந்த நாட்களில் எடுக்கப்படாமல் போயிற்று.

போரில் காயமடைந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான காரணம் உண்டு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் உடல், தசை குறைவதால் முன்னரைவிடக் குறைந்த சக்தியையே செலவிடும். பழைய அளவில் சாப்பிட்டால் நிறை கூடும். நிறை கூடினால் படுக்கைப்புண் வரும் ஆபத்து அதிகரிக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், மாற்றுவதும் கடினமாகும். செயற்கைக் கால் அணிபவருக்கு நிறை மாறினால் கால் பொருத்தும் குழி இறுகிப் புண்ணாக்கும். இவர்களைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவருவது பெரும்பாலும் கஜு, பேரீச்சம்பழம், சத்துமா, பால்மா. அடுத்தமுறை பப்பாசியும் கொய்யாவும் கொண்டுபோகலாம்.

யாருக்குக் கூட்ட வேண்டும்?

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுப் பிள்ளையின் கையிலிருந்து கச்சானைப் பறித்துவிடக்கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப்புறங்களில் அது ஏறக்குறைய 32 சதவீதம். ஒரே லயன் வீட்டில் தகப்பனுக்கு நீரிழிவும் பிள்ளைக்கு நிறைக்குறைவும் இருக்கலாம். அந்த வீட்டில் பட்டர் புரூட்டும் எள்ளும் கச்சானும் பிள்ளைக்கு மருந்து, தகப்பனுக்கு அளவோடு. சிறு குழந்தைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் என்பதால் இடித்து அல்லது அரைத்தே கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயால் மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்கும் கலோரி செறிந்த நல்ல உணவு தேவை.

என்ன செய்யலாம்?

• கச்சான், கஜு, எள்ளுருண்டை போன்றவற்றைப் பையிலிருந்து நேரே சாப்பிடாமல், ஒரு கைப்பிடியை வேறு கிண்ணத்தில் எடுத்துவிட்டுப் பையைக் கட்டி வையுங்கள்.

• ஒரு மாதத்துக்கு வீட்டில் எத்தனை போத்தல் எண்ணெய், எத்தனை தேங்காய், எத்தனை கிலோ சீனி போகிறது என்று எழுதி, வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். பல வீடுகளில் மறைந்திருக்கும் கலோரி அங்குதான் இருக்கும்.

• கோப்பையில் பாதியைப் பொரிக்காத மரக்கறியாலும் இலைவகையாலும் நிரப்பிவிட்டுச் சோற்றைப் போடுங்கள். சோற்றுக்குமேல் மரக்கறி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

• குடிப்பதில் கலோரியைக் குறைப்பதே இலகுவானது. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 130 முதல் 160 கலோரி.

• தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. உடல் நிறைச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறை, இரத்த அழுத்தம், சீனி என்பவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

• நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரெனக் குறைக்கக்கூடாது. சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.

ருசி குறைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். மாத்தளையின் பெயர் பெற்ற விளைபொருட்கள் கலோரிக் கணக்கில் ஏறக்குறைய வருவதேயில்லை. மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய், இஞ்சி, மஞ்சள் என்பன நாம் சமையலில் போடும் அளவில் சேர்க்கும் சக்தி மிக அற்பம். எண்ணெயையும் தேங்காயையும் ஒரு கரண்டி குறைத்து மிளகையும் இஞ்சியையும் கொஞ்சம் கூட்டினால் கறி தன் ருசியை இழக்காது.

தம்புள்ளையில் அடுத்தமுறை பஸ் நிற்கும்போது கச்சான் வாங்குங்கள். ஒரு கைப்பிடி நீங்கள் எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். இல்லாத காலத்தில் இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். இருக்கிற காலத்திலும் அந்தப் பழக்கம் உடம்புக்கு நல்லதுதான்.